'ராங்' என்றால் தப்பா, தவறா, பிழையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை மாலைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். மீதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து தாங்களும் உட்கார்ந்துவிட்ட தாத்தா பாட்டிகள். எங்களுக்கு வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவின் பேச்சுமொழி), பாடப்புத்தகத்தில் ஆங்கிலம், பத்திரிகையில் பிரெஞ்சு, கோவிலில் தமிழ். அதனால் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் நான்கு மொழிகளும் சேர்ந்து வந்து நிற்கும். அப்படி அதிகம் கேட்கப்பட்ட சொல் 'ராங்'. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிவைத்திருந்தேன். சுலபமானவை முதலில்.

மிஸ், 'ராங்' என்பதற்குத் தமிழில் என்ன? ஒரே சொல்லாகச் சொல்லுங்கள்.

ஒரே சொல்தான் வேண்டும் என்றால் 'தப்பு' என்று வைத்துக்கொள். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது. கணக்கில் விடை ராங் என்றால் தமிழில் அது தவறான விடை. பொய் சொல்வது ராங் என்றால் அது தப்பு. ராங் பஸ்ஸில் ஏறினால் பஸ் மாறி ஏறிவிட்டோம். ஃபிரிட்ஜில் சம்திங் ராங் என்றால் ஏதோ கோளாறு. முகம் வாடிய பெண்ணிடம் 'வாட்ஸ் ராங்?' என்று கேட்டால், தமிழில் 'என்னம்மா ஆச்சு?'

ஆங்கிலம் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறது. தமிழ் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அதனால் மொழிபெயர்க்கும்போது 'ராங்' என்ற சொல்லைப் பார்க்காமல், எது சரியில்லாமல் போனது என்று பாருங்கள். போனது விடையா, நடத்தையா, தேர்வா, இயந்திரமா, மனசா? அது தெரிந்தால் தமிழ்ச் சொல் தானாக வந்துவிடும்.

தப்பு, தவறு, பிழை மூன்றும் ஒன்றுதானே? எதற்கு மூன்று?

பேச்சில் கலந்துதான் வருகின்றன, பெரிய சண்டை இல்லை. ஆனால் மூன்றுக்கும் வேர் வினைச்சொல்லில் இருக்கிறது, அதைப் பார்த்தால் வாசனை தெரியும். கை தவறிக் கண்ணாடி விழுந்தது, நேரம் தவறாமல் வருகிறார் என்கிறோம். இருக்கவேண்டிய இடத்திலிருந்து வழுவுவது தவறுதல். குறி தப்பியது, தாளம் தப்பியது என்கிறோம். படவேண்டியது படாமல் போவது தப்புதல். பிழைத்தலும் அப்படியே. பழைய தமிழில் குறி பிழைத்தது என்றால் இலக்கில் படவில்லை. அம்பு தவறினால் மான் உயிர் பிழைத்தது. 'தப்பித்தது' என்றாலும் 'பிழைத்தது' என்றாலும் மானுக்கு நல்லதுதான். குற்றத்துக்கும் உயிரோடு இருப்பதற்கும் ஒரே சொல் வந்தது இப்படித்தான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இன்றைய வழக்கில் எழுத்திலும் இலக்கணத்திலும் வருவதைப் பிழை என்கிறோம். எழுத்துப்பிழை, அச்சுப்பிழை. கொஞ்சம் மரியாதையாக, எழுத்துத் தமிழில் சொன்னால் தவறு. வீட்டில் பிள்ளையைத் திருத்தும்போது தப்பு.

'ராங்' எந்த மொழியிலிருந்து வந்தது? லத்தீனா?

லத்தீன் இல்லை. அது வடக்கிலிருந்து கப்பலில் வந்த சொல். 9-ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கத்து மக்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறினார்கள். 865-இல் ஒரு பெரும்படையே இறங்கியது. 1016-இல் கனூட் என்ற டேனிய அரசர் இங்கிலாந்தின் அரியணையில் உட்கார்ந்தார். அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியில் 'ரங்ர்' என்றால் கோணல், வளைந்தது. அதற்கும் முந்திய வடிவத்தில் முன்னால் ஒரு வகர ஒலி இருந்தது. அதுதான் பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்தில் 'வ்ராங்' என்று நுழைந்தது. துணி பிழிவதைச் சொல்லும் 'ரிங்' என்ற வினைச்சொல்லும் இதே குடும்பம். முறுக்குவது, திருகுவது என்பதுதான் அடிப்படை.

ஆக முதலில் ராங் என்றால் கோணலான கிளை, வளைந்த மரம். நியாயமில்லாதது, நெறியில்லாதது என்ற பொருள் 1300 வாக்கில் நிலைபெற்றுவிட்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும். சட்டத்தைக் குறிக்கும் 'லா' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே நோர்ஸ் மக்கள் கொடுத்ததுதான். 'லா'வும் 'ராங்'கும் ஒரே கரையிலிருந்து வந்திருக்கின்றன.

அதற்கு முன்னால் இங்கிலாந்துக்காரர்கள் தப்பை என்னவென்று சொன்னார்கள்?

இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று, 'ரைட்'டின் பழைய வடிவத்துக்கு முன்னால் 'அன்' சேர்த்தது. சரியில்லாதது என்று பொருள். இன்னொன்று 'வோஹ்'. அதற்கும் அர்த்தம் கோணல்தான்! பழைய கோணல் போய்ப் புதிய கோணல் வந்திருக்கிறது, உருவகம் மாறவில்லை.

'ராங்' கோணல் என்றால் 'ரைட்' நேரா?

ஆமாம், அப்படியேதான். 'ரைட்' என்பதன் அடி நேராக்குவது, நேராகச் செலுத்துவது. லத்தீனில் 'ரெக்டுஸ்' என்றால் நேரானது, அது இதற்கு உறவுக்காரச் சொல். 'கரெக்ட்' கூட நேராக்கப்பட்டது என்ற பொருளில் பிறந்ததே.

இங்கேதான் நான் வகுப்பில் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவேன். ஏனென்றால் தமிழ் இதை எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நேர் என்ற சொல்லிலிருந்து நேர்மை. கோணல் புத்தி, குறுக்குவழி என்று எதிர்ப்பக்கம். செம்மை என்றால் நேராக இருப்பது. நல்லாட்சி செங்கோல். கொடு என்றால் வளைவு, கெட்ட ஆட்சி கொடுங்கோல். கொடுமை என்ற சொல்லே வளைவிலிருந்து வந்து கல்நெஞ்சத்தில் முடிந்திருக்கிறது. வள்ளுவர் நடுவு நிலைமையில் சொல்கிறார்: 'சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்.' கோட்டம் என்றால் வளைவு. மனசுக்குள் வளைவு இல்லை என்பது உறுதியானால், சொல்லில் வளைவு இல்லாமல் இருப்பதே நடுநிலை. 'ராங்'குக்கு மிக நெருக்கமான தமிழ்ச் சொல்லை யாராவது என்னிடம் கேட்டால், அகராதியில் இருக்கும் தவறு, தப்பு இரண்டையும் தாண்டி 'கோட்டம்' என்றுதான் சொல்வேன்.

எழுத்தில் 'டபிள்யூ' இருக்கிறது, வாயில் வரவில்லை. பின்னே ஏன் எழுதவேண்டும்?

ஒரு காலத்தில் வாயிலும் வந்தது. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் 'வ்ர' என்ற கூட்டொலியின் வகரம் இங்கிலாந்தின் பொதுப்பேச்சில் உதிர்ந்துபோனது. எழுத்துமுறை அதற்குள் அச்சில் உறைந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் அது வேறுவிதமாகப் பிழைத்தது. அங்கே பழைய பேச்சில் 'வ்ராங்' என்றே சொல்வார்கள்.

அந்த ஊமை எழுத்து ஓர் உதவி செய்கிறது. அப்படி எழுதப்படும் சொற்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். மணிக்கட்டு (ரிஸ்ட்), மலர்வளையம் (ரீத்), சுருக்கம் (ரிங்கிள்), மல்யுத்தம் (ரெஸில்), திருகுவது (ரெஞ்ச்), முறுக்கிப் பிழிவது (ரிங்). எல்லாவற்றிலும் ஒரு திருகல், ஒரு சுழற்சி இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபிறகு எழுத்துப்பிழை குறைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிரியோலில் 'தோர்' என்கிறோமே, அது 'ராங்'கிலிருந்து வந்ததா?

வேறு மொழி, வேறு வேர். பிரெஞ்சு 'தோர்', நம் கிரியோலுக்கு வந்தது. அதன் பின்னால் இருப்பது லத்தீன் 'தோர்துஸ்'. அதற்கு என்ன பொருள் தெரியுமா? முறுக்கப்பட்டது! வடக்கே நோர்ஸ் மக்களுக்கும் தெற்கே லத்தீன் பேசியவர்களுக்கும் தப்பு ஒரே உருவத்தில் தெரிந்திருக்கிறது. நேற்று 'தோ எனா தோர்' என்று அண்ணனிடம் சண்டை போட்டவர், 'உன்னிடம் முறுக்கல் இருக்கிறது' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

'யூ ஆர் ராங்' என்று பெரியவர்களிடம் சொல்லலாமா?

வேண்டாம். ஆங்கிலத்திலும் அது கொஞ்சம் கடுமைதான். இதில் மூன்று மொழிகளும் மூன்று விதமாக இருப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஆளே ராங். கிரியோலில் ஆளிடம் தோர் இருக்கிறது. தமிழில் 'நீங்கள் தப்பு' என்று ஓர் ஆளைச் சொல்லவே முடியாது, வாக்கியம் நொண்டும். 'நீங்கள் சொன்னது தப்பு' என்றுதான் வரும். சொன்னது வேறு, சொன்னவர் வேறு என்று தமிழ் பிரித்துவைத்திருக்கிறது. எனக்கு அது பெரிய பண்பாகப் படுகிறது.

ஆங்கிலத்திலும் அந்த வழியிலேயே போங்கள். ஆளை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். 'ஐ திங்க் தட் டேட் இஸ் ராங்' என்றால் தேதி மேல் போய்விடும். தமிழில், 'இல்லைங்க தாத்தா, அது வேற மாதிரின்னு படிச்சேன்' என்றால் தாத்தா காது கொடுப்பார்.

'யூ ஆர் ராங்', 'யூ ஆர் இன் த ராங்' - வித்தியாசம் உண்டா?

உண்டு, நிறைய. முதலாவது, உன் கருத்தோ தகவலோ சரியில்லை. இரண்டாவது, இந்த வழக்கில் நியாயம் உன் பக்கம் இல்லை. சாலையில் இரண்டு கார் உரசிக்கொண்டால் யார் 'இன் த ராங்' என்று கேட்பார்கள். யார் மேல் குற்றம் என்று அர்த்தம். தலைநகரம் குர்பிப் என்று சொல்கிற ஆள் ராங், ஆனால் அவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, அதனால் 'இன் த ராங்' இல்லை.

இதே சொல் வினையாகவும் வரும். 'ஷி வாஸ் ராங்டு' என்றால் அவளுக்கு அநியாயம் நடந்தது. இங்கே 'தவறு' என்று எழுதினால் உயிர் போய்விடும். அநியாயம், அநீதி, துரோகம் என்று இடத்துக்குத் தக்கபடி எழுதவேண்டும்.

என் மகள் 'வாட்ஸ் ராங்?' என்பதை 'என்ன தப்பு?' என்று எழுதி மார்க் போய்விட்டது. ஏன்?

முதல் பதிலில் சொன்னதுதான். அங்கே யாரும் தப்பு செய்யவில்லை, வழக்கமான நிலை மாறிவிட்டது, அவ்வளவுதான். 'என்ன ஆச்சு?' அல்லது 'என்ன விஷயம்?' சரி. கிரியோலில் நாமும் 'கி அரிவே?' என்றுதான் கேட்கிறோம், நடந்தது என்ன என்று. வீட்டு மொழியில் மொழிபெயர்த்துப் பார்த்திருந்தால் அவளுக்கு மார்க் கிடைத்திருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 'வாட்ஸ் ராங் வித் யூ?' என்பது குரலைப் பொறுத்து மாறும். மெதுவாகக் கேட்டால் 'உடம்புக்கு என்ன?' சத்தமாகக் கேட்டால் 'உனக்குப் புத்தி இருக்கா?' எழுத்தில் குரல் கேட்காது, அதனால் முன்பின் வாக்கியங்களைப் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். கைபேசியில் வரும் 'சம்திங் வென்ட் ராங்' என்ற அறிவிப்புக்கு 'ஏதோ கோளாறு' போதும்.

'எ ராங் பஸ்'ஸா, 'த ராங் பஸ்'ஸா?

பெரும்பாலும் 'த'. இது நம் பிள்ளைகள் அடிக்கடி தடுக்கி விழும் இடம். சரியான பஸ் ஒன்று, மற்றவை எல்லாம் ராங், அப்படியென்றால் நிறைய இருப்பதில் ஒன்றுக்கு 'எ' தானே வரவேண்டும் என்று கேட்பார்கள். யோசனை நியாயமானது, ஆனால் ஆங்கிலம் அப்படிப் பார்ப்பதில்லை. 'த ரைட் பஸ்'ஸுக்கு எதிரே 'த ராங் பஸ்' என்று ஜோடியாக வைத்துவிட்டது. விடை, எண், வாசல், ஆள் எல்லாவற்றுக்கும் இதே ஜோடி. 'எ ராங் ஆன்ஸர்' என்பதும் உண்டு. ஒரு தவறான விடைக்கு ஒரு மார்க் குறையும் என்று எண்ணிச் சொல்லும்போது அது வரும். தொலைபேசியில் 'ராங் நம்பர்' என்று 'எ', 'த' எதுவும் இல்லாமலே சொல்லிவிடலாம்.

தமிழில் இந்த இடத்துக்கு அழகான வழி இருக்கிறது: மாறுதல். போர்ட் லூயிஸில் வடக்கே கிராண்ட் பே போகிற பஸ் இமிக்ரேஷன் ஸ்குவேரிலிருந்து கிளம்பும், ரோஸ் ஹில், குர்பிப் பக்கம் போகிற பஸ் விக்டோரியா பக்கத்திலிருந்து. அதைக் கவனிக்காமல் ஏறியவர் 'தவறான பஸ்ஸில் ஏறினேன்' என்று சொன்னால் புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கும். 'பஸ் மாறி ஏறிட்டேன்' என்று சொன்னால் தமிழ் பேசுகிறது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டான், ஆள் மாறிப்போச்சு, சாவியை மாற்றி எடுத்து வந்துவிட்டேன். பஸ்ஸில் குற்றம் இல்லை, சாவியில் குற்றம் இல்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்துவிட்டது.

'ராங்' போதுமா, 'ராங்லி' வேண்டுமா?

வினைக்குப் பின்னால் வந்தால் 'ராங்' போதும்: பெயரை ராங்காக எழுதினாய், எல்லாம் ராங்காகப் போனது. வினைக்கு முன்னால் வந்தால் 'ராங்லி' வேண்டும். 'ராங்லி அக்யூஸ்டு', அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டவர்.

'ராங்கர்', 'ராங்கெஸ்ட்' உண்டா?

பரீட்சையில் எழுதாதீர்கள். 'மோர் ராங்' என்பதே வழக்கம்.

மிஸ்டேக், எரர், ஃபால்ட் இவையும் ராங் தானே?

உறவுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு படம். 'எரர்' லத்தீன். அலைவது, வழிதெரியாமல் திரிவது என்று வேர்ப்பொருள். நம் 'வழி தவறியது' அதற்கு நேர். 'மிஸ்டேக்' மறுபடியும் நோர்ஸ்: மாற்றி எடுத்தல், தப்பாக எடுத்தல். மனஸ்தாபம் வராமல் இருக்க நாம் என்ன சொல்கிறோம்? 'தப்பா எடுத்துக்காதீங்க.' யாரும் யாரிடமும் கடன் வாங்காமல் இரண்டு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வகுப்பை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டே இருக்கத் தோன்றும்.

'ஃபால்ட்' பிரெஞ்சு வழியாக வந்தது, நம் கிரியோல் 'ஃபோத்'தின் சொந்தக்காரச் சொல். குறைபாடு என்றும் வரும், பொறுப்பு என்றும் வரும். 'பா மோ ஃபோத்' என்று சொல்வது பொறுப்பைத்தான்: என் மேல் குற்றமில்லை. மிஸ்டேக் தெரியாமல் நடப்பது. ராங் தெரிந்தே செய்ததாகவும் இருக்கலாம். வேண்டுமென்றே ஏமாற்றிவிட்டு 'மிஸ்டேக் ஆகிவிட்டது' என்று சொல்கிறவர் சொல்லை வளைக்கிறார். வள்ளுவர் சொன்ன சொற்கோட்டம் அதுதான்.

நான் ஸோன் ஃப்ரான்ஷில், அதான் ஏற்றுமதி மண்டல ஆலையில், தையல் வேலை பார்த்தேனம்மா. சூப்பர்வைசர் 'ராங் சைட், ராங் சைட்' என்பார். துணியில் என்ன தப்பு?

துணியில் ஒரு தப்பும் இல்லை பாட்டி. பார்வைக்கு வெளியே தெரியவேண்டிய பக்கம் 'ரைட் சைட்', உள்ளே போகவேண்டியது 'ராங் சைட்'. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டால் கிரியோலில் 'லான்வேர்' என்போமே, அந்தப் பக்கம். டேனிய மொழியில் இதே சொல்லின் உறவுக்காரரான 'வ்ராங்' இன்றும் துணியின் உள்பக்கத்தைக் குறிக்கிறது. கம்பளி பின்னுகிறவர்கள் ஒரு வகைக் கண்ணிக்கும் அந்தப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஏற்றுமதி மண்டலச் சட்டம் 1970-இல் வந்தபிறகு நம் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர் அந்த ஆலைகளில் உட்கார்ந்து தைத்தார்கள்! ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு நோர்ஸ் சொல்லை அவர்கள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே தைத்திருக்கிறார்கள். தமிழில் உள்பக்கம், மேல்பக்கம் என்றே சொல்லுங்கள்.

நம் வீட்டு முன்திண்ணையை 'வராங்' என்கிறோம். அதுவும் 'ராங்'கும் உறவா?

இந்தக் கேள்வியைக் கேட்டவன் பத்து வயதுப் பையன். அவன் பெயரை எழுதமுடியாது, ஆனால் அவனை நான் மறக்கமாட்டேன். பதில் பாதி ஆம். பிரெஞ்சில் 'வராங்' என்று கப்பல் வார்த்தை ஒன்று இருக்கிறது. கப்பலின் அடியில் குறுக்கே போகும் வளைந்த விலாக்கட்டை அது. அந்தச் சொல் நோர்ஸ் மக்களின் கப்பல் விலாவிலிருந்து வந்தது, 'ராங்'கின் குடும்பம். வளைந்த மரம் என்பதால் பெயர்ப் பொருத்தம் சரி.

ஆனால் மொரீசியஸிலும் ரீயூனியனிலும் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்காரும் வராங் வேறு வழியில் வந்தது. அது வராந்தாவின் சொந்தம். தமிழ்நாட்டிலும் வராந்தா என்றே சொல்கிறார்கள், போர்த்துகீசியர் கூட்டிவந்த சொல். இரண்டும் இந்தத் தீவுகளில் ஒரே ஒலியாகிப் போயின. ஆகவே கப்பல் வராங் உறவு, வீட்டு வராங் அயல்வீட்டுக்காரர்.

சட்டத்தில் 'ராங்' என்றால் குற்றமா?

எல்லா ராங்கும் குற்றம் ஆகாது. திருட்டு, அடிதடி போன்றவை அரசே வழக்குத் தொடரும் குற்றங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கவனக்குறைவால் உங்கள் சுவர் இடிந்தது என்றால் அது தனிமனிதருக்கு இழைத்த தீங்கு, நஷ்ட ஈடு கேட்டு நீங்கள்தான் போகவேண்டும். ஆங்கிலச் சட்டம் இதை 'டார்ட்' என்கிறது. முன்னே பார்த்த 'தோர்' தான், பிரெஞ்சு பேசிய நார்மன்கள் வழியாக இங்கிலாந்து நீதிமன்றத்துக்குப் போன சொல்.

நம் ஊரில் நிலைமை இன்னும் சுவையானது. 1810-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தபோது, இங்கே இருந்தவர்களின் சட்டமும் வழக்கமும் தொடரும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால் சிவில் சட்டம் இன்றும் பிரெஞ்சு மரபு, எழுதியிருப்பதும் பிரெஞ்சில். அதன் 1382-ஆம் பிரிவு பேசுவது 'ஃபோத்' பற்றி: ஒருவரது ஃபோத்தால் இன்னொருவருக்கு நஷ்டம் வந்தால் ஈடு செய்யவேண்டும். வழக்கு நடப்பதோ ஆங்கிலத்தில். ஆங்கிலேயரின் நீதிமன்றத்தில் 'டார்ட்' என்று பிரெஞ்சுச் சொல்லும், நம் நீதிமன்றத்தில் ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே 'ஃபோத்'தும் புழங்குகின்றன. சட்டம் படிக்கும் பிள்ளைகள் குழம்பினால் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

'த கிங் கேன் டூ நோ ராங்' என்று படித்தேன். அரசர் தப்பே செய்யமாட்டாரா?

அரசர் நல்லவர் என்று அது சொல்லவில்லை. அரசர் மேல் அவருடைய நீதிமன்றத்திலேயே வழக்குப் போடமுடியாது என்ற பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கை அது. பிரிட்டனில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட வழிதிறந்தது.

நம் மரபு வேறு பக்கம் நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியதும், அரசன் நான் இல்லை, கள்வன் நானே என்று சொல்லி உயிர்விட்டான். அதைக் கேட்ட சேரன் செங்குட்டுவன் சொல்வது, வினை வளைத்த கோலை மன்னனின் உயிர் நிமிர்த்தியது என்று. ஒரு கோல், ஒரு வளைவு, ஒரு நிமிர்வு. 'ராங்' என்ற சொல்லின் முழு வரலாறும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. அரசன் வளைக்கமுடியும், வளைத்தால் நிமிர்த்தவேண்டிய கடன் அவனுடையது.

1998-இல் நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இடம் மாறியதே, அது எரரா, மிஸ்டேக்கா, ராங்கா?

இளையவர்களுக்காகச் சுருக்கமாக: நம் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கடுத்து தேவநாகரி எழுத்து என்பது வழக்கமாக இருந்தது. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழ் கீழே இறங்கிவிட்டது. நம் மக்கள் எதிர்த்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999 என்று தேதியிட்ட நோட்டுகளில் பழைய வரிசை திரும்பியது.

எந்தச் சொல்லைப் போடுவது? அச்சுக்கூடத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனால் 'எரர்'. வரிசையின் வழக்கத்தைக் கவனிக்காமல் வரைந்திருந்தால் 'மிஸ்டேக்'. இந்த இரண்டும் செய்தவரின் மனசைப் பற்றிய சொற்கள், அந்த மனசுக்குள் நான் புகமுடியாது. ஆனால் 'ராங்' என்று சொல்ல மனசைத் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. நேராக இருந்த வரிசை கோணியது, அது கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் நான் 'ராங்' என்பேன். அதை நிமிர்த்தினார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லித்தருவேன்.

என் பேத்தி என் தமிழ் 'ராங்' என்கிறாள், டீச்சர். ரசத்தை ரசோன் என்கிறேனாம். நான் பேசுவது ராங்கா?

இதைக் கேட்டவர் எண்பதை நெருங்கும் தாத்தா. கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அன்று வகுப்பில் பாடம் எடுக்கவில்லை, இதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

தாத்தா, பரீட்சைத் தாளில் 'ரசோன்' என்று எழுதினால் பிழை என்று திருத்துவார்கள். பேத்திக்கு அது தெரியவேண்டும், தெரிந்திருக்கிறது. ஆனால் பிழை வேறு, ராங் வேறு என்று இரண்டாவது கேள்வியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே வருகிறோம். ரசம் கப்பல் ஏறி வந்து, கிரியோல் வாயில் ரசோன் ஆகி, உங்கள் அம்மாவின் அடுப்பில் கொதித்தது. காவடி முடிந்து இலையில் ஏழு கறியோடு அதை ஊற்றும்போது யாரும் இலக்கணம் கேட்கவில்லை.

பழைய இலக்கணக்காரர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். நேரான தமிழைச் செந்தமிழ் என்றும், அந்தந்த வட்டாரத்தில் வளைந்த தமிழைக் கொடுந்தமிழ் என்றும் சொன்னார்கள். இங்கே கொடு என்பது வளைவு மட்டும்தான், கொடுமை ஒன்றும் இல்லை. தொல்காப்பியம் சொற்களை நான்காகப் பிரிக்கும்போது இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் உள்ளே உட்காரவைத்தது. திசைதோறும் மக்கள் சொல்வதும் தமிழ்ச் செய்யுளுக்கு உரியதே என்று.

உங்கள் ரசோன் தெற்குக் கடலின் திசைச்சொல். பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அடுத்த சனிக்கிழமை வரும்போது தாத்தா சொல்லும் சொற்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். முதல் பக்கத்தில் ரசம் என்று எழுதி, அதற்கு நேரே ரசோன் என்று எழுதியிருந்தாள். இரண்டில் எதையும் அடிக்கவில்லை.